எட்டாம் குழு

நவம்பரில் டுட்லிங்கனில் ஐந்துக்கே இருட்டிவிடுகிறது.
நாள் முழுக்க அறுவைக் கத்தரிகளின் வாயைத்
திறந்து மூடிச் சோதித்துவிட்டு வந்தவள்
வானொலியின் திருகை எட்டில் நிறுத்துகிறேன்.
எட்டு, இந்த வட்டாரத்துக்கான குழு.
மலைமேல் ஒரு கம்பம்,
அதன் நேரத்தை இரண்டாய் நறுக்கியதில்
இரண்டாம் துண்டு எங்களுக்கு.
எட்டும் தூரம் அவ்வளவுதான் என்று
எண்ணே சொல்லிவிடுகிறது.

பித்தானை அமுக்குமுன் கேள்.
அமுக்கியபின் ஒரு நொடி பொறு.
முடித்தபின் இடைவெளி விடு,
யாராவது அவசரமாய் உள்ளே வரக்கூடும்.
நீண்ட கதையா, வேறு குழுவுக்குப் போ.
எல்லாம் ஃபோல்க்மாரின் சட்டம்.
வியாழன் ஏழு மணிக்கு
ட்ரோஸிங்கனிலிருந்து சபையைத் திறப்பவர்.
இடைவெளி விடாதவரைப்
பந்தியில் அடுத்த இலைக்குள் கைவிட்டவரைப் போலக்
குரலாலேயே பார்ப்பார்.

என் பெயர் எழிலி.
மழைமேகம் என்று பொருள்.
இந்த ஊர் வானிலை அறிக்கையில்
தினமும் என்னைத்தான் சொல்கிறார்கள், வேறு சொல்லால்.
குழுவில் நான் எலிலி, எசிலி,
ஒருவருக்கு எமிலி.
எமிலிக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.
நடுவில் ஒரு ழ வைத்துக்கொண்டு
அயலூரில் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது.
ஃபோல்க்மார் பெயர் சொன்னதே இல்லை.
அழைப்புக்குறியின் வால் மட்டும்:
“கிலோ நவம்பர் லிமா, உங்கள் முறை.”

அன்று சபை கலைந்த பிறகும்
அவர் குறி என் திரையில் அணையவில்லை.
கைக்கருவிமேல் ஏதோ உட்கார்ந்துவிட்டது,
தலையணையோ, அவரேயோ.
அமுக்கியிருப்பவருக்குக் காது கிடையாது.
பதினொரு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம்,
ஒருவராலும் அவரிடம் சொல்ல முடியாது.

தட்டு. கரண்டி.
நாற்காலி இழுபடுவது கூழாங்கல்லாக வந்தது.
மனிதக் குரலுக்கென்று செய்த சல்லடை,
மற்றதையெல்லாம் கொறித்துத் துப்பும்.
பிறகு குரல்,
அறைக்குள் மட்டும் புழங்குகிற சின்னக் குரல்:

“எசிலி.”
“எரிலி.”
“எ... எள்... இல்லை.
நாக்கை மடிக்கணுமாம், இர்ம்கார்ட்.
அமெரிக்காக்காரன் ஆர் சொல்வானே, அப்படி.
ஆனால் இன்னும் பின்னால்.”
ஒரு பெண் சிரித்தாள்.
தகர டப்பாவில் ஆணி கொட்டியதுபோல்
அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது.
“மறுபடி.”
“எர்லிலி.”

நூற்றெண்பது நொடி.
கம்பமே அவர் தொண்டையைப் பிடித்து நிறுத்தியது.

எட்டில் யாரும் வரவில்லை.
அவர் கேட்டுக்கேட்டு அலுத்த இடைவெளியை
அன்றுதான் முழுசாக விட்டோம்.
கடைசியில் ஸ்பைசிங்கன் டெட்லெஃப்
“இங்கே ஒரே பனிமூட்டம்” என்றார்.
“இங்கேயும்” என்றேன்.
ஜன்னல் நிறைய நட்சத்திரம்.

பக்கத்தில், இம்மெண்டிங்கன் தாண்டி,
டானூப் ஆறு மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகும்.
இரண்டு மூன்று நாள் கழித்து
ஆஹ் என்ற சிற்றூரில் ஊற்றாய் எழுந்து
வேறு பெயரோடு வேறு திசையில் நடக்கும்.
போனதுதான் வந்தது என்பதை
ஒருகாலத்தில் சாயம் கரைத்துப் பார்த்து உறுதிசெய்தார்களாம்.
குரலில் எதைக் கரைப்பது?

அடுத்த வியாழன்.
என் முறைக்கு முன் ஒரு நொடி விட்டார்,
சட்டத்தில் இல்லாத இன்னொரு நொடியும்.
“கிலோ நவம்பர் லிமா...
எ-லி, உங்கள் முறை.”

நடுவில் என்ன இருந்ததென்று தெரியாது.
நாக்கு சரியாக மடிந்திருக்கலாம்,
அதைக் கல்லென்று நினைத்துச்
சல்லடை துப்பியிருக்கலாம்.

“ஐந்து ஒன்பது, ஃபோல்க்மார்” என்றேன்.
டிஜிட்டலில் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை,
வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.
இருந்தும் சொன்னேன்.
சொல்லிவிட்டு விரலை எடுத்து
இடைவெளி விட்டேன்.